இன்ஜெக்டர் மீது விழும் பழி

காரின் டாஷ்போர்டில் என்ஜின் உருவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கி, சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்கவும், மேட்டில் ஏறும்போது பிக்கப் இல்லாமல் திணறவும் ஆரம்பித்துவிட்டால், உரிமையாளர் தாம் வழக்கமாகச் செல்லும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் நிற்பதும், அங்கே ஸ்டீயரிங்குக்குக் கீழேயுள்ள 16 முனைச் சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்த மெக்கானிக், 'பி 0203' என்ற எண்ணைக் காட்டி, "மூணாவது இன்ஜெக்டர் போயிடுச்சு சார், மாத்திடணும், மாத்துறதுதான் மாத்துறோம், நாலையும் சேர்த்தே மாத்திட்டா நிம்மதி" என்று சொல்வதும் நம் ஊர்களில் அன்றாடம் நிகழும் சம்பாஷணையாகிவிட்டன. அந்த வாக்கியத்தின் முற்பாதி உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பிற்பாதிக்கோ அந்த எண்ணில் எவ்வித ஆதாரமும் இல்லை. எனினும் அந்த ஒரு வார்த்தையை நம்பி ஆயிரக்கணக்கில் பணம் கைமாறி, இரண்டு வாரத்தில் அதே விளக்கு மறுபடியும் எரிந்து, "இப்போ ஈ.சி.எம்.தான் போயிருக்கணும்" என்ற அடுத்த ஊகத்துக்கு உரிமையாளர் ஆளாகும் விபரீதத்தை, கொஞ்சம் விஷயஞானமும் கொஞ்சம் சட்டஞானமும் இருந்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம் என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் அந்த எண்ணின் தாத்பரியத்தைப் பார்ப்போம். பெட்ரோல் காரின் இன்ஜெக்டர் அடிப்படையில் ஒரு மின்காந்த வால்வு. அதனுள் ஒரு செப்புக்கம்பிச் சுருள் உண்டு. மின்சாரம் பாயும்போது சுருள் காந்தமாகி ஒரு சிறு ஊசியை மேலே இழுக்க, அழுத்தத்தில் காத்திருக்கும் பெட்ரோல் சில ஆயிரத்திலொரு விநாடிகளுக்கு மட்டும் பூந்தூறலாகப் பீய்ச்சி நின்றுவிடுகிறது. சுருளின் ஒரு முனைக்கு ரிலே, ஃபியூஸ் வழியாக பேட்டரியின் பாசிட்டிவ் எப்போதும் வந்துகொண்டிருக்கும்; மறு முனையோ ஈ.சி.எம். என்று அழைக்கப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும். பீய்ச்ச வேண்டிய க்ஷணத்தில் பெட்டிக்குள்ளிருக்கும் டிரான்ஸிஸ்டர் அந்த முனையை எர்த்தோடு இணைக்கிறது. நிறுத்த வேண்டிய க்ஷணத்தில் துண்டிக்கிறது. இணைப்பு இல்லாத நேரத்தில் அந்த முனையில் ஏறக்குறைய பேட்டரியின் முழு மின்னழுத்தமும், இணைத்த நேரத்தில் ஏறக்குறைய பூஜ்யமும் தெரிய வேண்டும். பெட்டி இதை ஓயாமல் கண்காணித்து, எதிர்பார்த்தது தெரியாவிட்டால் எண்ணைப் பதிந்துகொண்டு விளக்கை ஏற்றுகிறது.

இங்கேதான் விஷயத்தின் மர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெட்டி பார்ப்பது தன் வாசலில் உள்ள ஒரே ஒரு முனையை மட்டுமே. சுருள் அறுந்திருந்தாலும், சுருளுக்கு வரும் பாசிட்டிவ் ஒயர் அறுந்திருந்தாலும், சுருளிலிருந்து பெட்டிக்குத் திரும்பும் ஒயரை எலி கடித்திருந்தாலும், கப்ளருக்குள் ஒரு பின் பச்சைக் களிம்பேறித் தளர்ந்திருந்தாலும், பெட்டிக்குள்ளேயே டிரான்ஸிஸ்டர் கெட்டிருந்தாலும், அதன் கண்ணுக்கு எல்லாம் ஒன்றே. ஆகவேதான் சர்வதேச நியதிப்படி பி 0201 முதல் பி 0204 வரையுள்ள எண்களுக்கு, முறையே ஒன்று முதல் நான்கு வரையுள்ள ஸிலிண்டர்களின் 'இன்ஜெக்டர் சர்க்யூட்டில் கோளாறு' என்று மட்டுமே பொருள் வகுத்திருக்கிறார்கள். இன்ஜெக்டர் கெட்டுவிட்டது என்று எங்கும் சொல்லவில்லை. ஸ்கேனர் தரும் எண் போலீஸ் ஸ்டேஷனில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையைப் போன்றது. விசாரணை அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும்.

இதையொட்டி வரும் வேறு சில எண்களையும் அறிந்துகொள்வோம். பி 0200 என்றால் குறிப்பிட்ட ஸிலிண்டரைச் சுட்டாமல் பொதுவாக இன்ஜெக்டர் சர்க்யூட் கோளாறு. பி 0261 என்றால் முதல் ஸிலிண்டரின் சர்க்யூட்டில் மின்னழுத்தம் தாழ்ந்திருக்கிறது. பி 0262 என்றால் அதே சர்க்யூட்டில் உயர்ந்திருக்கிறது. பி 0301 முதல் பி 0304 வரை அந்தந்த ஸிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் அடிக்கிறது. இந்தக் கடைசி வகை எண்கள் தனியாக வந்தால், ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பார்க்காமல் இன்ஜெக்டரைத் தொடுவதே தவறு. நான்கு ஸிலிண்டர்களின் எண்களும் ஒரே சமயத்தில் வந்தாலோ, நான்கு இன்ஜெக்டர்களும் ஒரே நாளில் பேசி வைத்துக்கொண்டு செத்துப்போகும் வழக்கம் கிடையாது. நான்குக்கும் பொதுவான ஃபியூஸ், ரிலே, பாசிட்டிவ் ஒயர் ஆகியவற்றிலேயே காரணத்தைத் தேட வேண்டும். அத்தகைய சந்தர்ப்பத்தில் 'நாலையும் மாற்று' என்று ஒருவர் சொன்னால், அவரிடம் வண்டியை விடாமல் திரும்பி வந்துவிடுவதே உத்தமம்.

இன்னொரு வியாபாரத்தையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். இன்ஜெக்டர் கிளீனிங் என்ற சேவை, பெட்ரோலில் உள்ள அழுக்கால் துவாரம் அடைத்துக்கொண்ட இன்ஜெக்டருக்கு நல்ல வைத்தியம்தான். ஆனால் துவாரத்தின் அடைப்புக்கும் மின்சுற்றின் கோளாறுக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. பி 0203 வந்த வண்டிக்கு "முதல்ல கிளீனிங் பண்ணிப் பார்க்கலாம்" என்று சொல்பவர், விஷயம் தெரியாதவராக இருக்க வேண்டும். அல்லது தெரிந்தும் சொல்பவராக இருக்க வேண்டும்.

இனி, விளக்கு எரிந்தும் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால் வரும் அபாயங்களைச் சொல்கிறேன். இன்ஜெக்டர் திறக்கவே திறக்காமல் போனால் ஒரு ஸிலிண்டர் வேலை செய்யாது. வண்டி வலுவிழந்து நடுங்கும். ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக ஓட்டிச் செல்வதில் பெரிய நஷ்டமில்லை. அதற்கு மாறாக, பெட்டிக்குத் திரும்பும் ஒயர் எங்கேனும் உரசித் தேய்ந்து எர்த்தில் பட்டுவிட்டால், இன்ஜெக்டர் மூடாமல் திறந்தபடியே நின்று பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெட்ரோல் ஸிலிண்டரின் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, என்ஜின் ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். எரியாமல் வெளியேறும் மிச்சமோ சைலன்ஸருக்கு முன்னாலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் சென்று அங்கே எரிந்து, அதன் உட்கூட்டை உருக்கிவிடும். மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், கன்வெர்ட்டருக்கு நாசம் விளைவிக்கும் அளவுக்கு மிஸ் அடிக்கிறது என்று அர்த்தம். அப்போது ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட வேண்டும். பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் ஆகிய அருமையான உலோகங்களைக் கொண்ட அந்தக் கன்வெர்ட்டரின் விலை இன்ஜெக்டரின் விலையைப்போல் பல மடங்கு என்பதை நினைத்தால், டோ வண்டிக்குக் கொடுக்கும் கூலி பெரிதாகத் தோன்றாது.

வீட்டிலேயே தாமே பார்த்துவிடலாம் என்று துணிபவர்களுக்கு வேறு வகை அபாயங்கள் உண்டு. ஸிலிண்டருக்கு வெளியே இன்டேக் குழாயில் பீய்ச்சும் சாதாரண எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் வண்டியில் எரிபொருள் குழாயின் அழுத்தம் ஏறக்குறைய 3 முதல் 4 பார் வரை இருக்கும். என்ஜினை அணைத்த பிறகும் அது உடனே அடங்காது. பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, என்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைப் பிரித்த பின்பே குழாயைத் தொட வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் மட்டுமல்ல, எரியும் குண்டு பல்பு கூட ஆகாது. நேரடியாக ஸிலிண்டருக்குள் பீய்ச்சும் ஜி.டி.ஐ. வண்டிகளில் அழுத்தம் 100 பாரை எளிதில் தாண்டும். காமன் ரெயில் டீசல் வண்டிகளில் 1,600 பார், 2,000 பார் என்று போகும். அந்த அழுத்தத்தில் கசியும் டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். மேலே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்கும்படி ஆகிவிடலாம். இவ்வகை இன்ஜெக்டர்களை இயக்கும் மின்னழுத்தமும் 12 வோல்ட் அன்று; 60 வோல்ட்டுக்கு மேலும், சிலவற்றில் 100 வோல்ட்டைக் கடந்தும் செல்லும். ஆதலால் கீழே நான் சொல்லப் போகும் பரிசோதனைகள் எல்லாம் சாதாரண எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் வண்டிக்கு மட்டுமே உரியவை, டீசல், ஜி.டி.ஐ. வண்டிக்காரர்கள் அவற்றை மெக்கானிக்கிடம் கேள்வி கேட்பதற்கு மட்டும் பயன்படுத்துவார்களாக.

விசாரணையின் முதற்படி கண்ணால் பார்ப்பதே. இதற்குக் கருவியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். நம் நாட்டில் இந்தக் கோளாறுக்குக் காரணமாக நிற்பவர்களில் முதல்வர் எலியார்தாம். இரவில் சூடாறாத என்ஜினைத் தேடி ஏறி, இன்டேக் மேனிஃபோல்டுக்கு மேலே சொகுசாக அமர்ந்து, கைக்கெட்டிய ஒயரைக் கடித்து வைத்துவிட்டுப் போவார். எச்சமும், காகிதத் துணுக்கும், தேங்காய் நாரும் அவர் வந்துபோனதற்குச் சாட்சி. அடுத்தவர், என்ஜின் அறைக்குள் அழுத்தமான தண்ணீரை நேராக அடிக்கும் வாட்டர் சர்வீஸ்காரர். கப்ளருக்குள் புகுந்த நீர் பின்களைக் களிம்பேற்றுகிறது. மூன்றாமவர், எல்.பி.ஜி., சி.என்.ஜி. கிட் பொருத்தியவர். அந்தக் கிட்டுகள் பலவற்றில், வாயுவில் ஓடும்போது பெட்ரோல் இன்ஜெக்டரை நிறுத்திவைப்பதற்காக அதன் ஒயரையே வெட்டி இடையில் எமுலேட்டர் என்ற சாதனத்தைச் சேர்க்கிறார்கள்; அந்த இணைப்பு முறுக்கிச் சுற்றிய டேப்பாக இருந்தால், சில கோடைகளைக்கூட அது தாங்குவதில்லை. பழைய வண்டிகளில் என்ஜின் வெப்பத்தால் ஒயரின் உறை வறண்டு வெடிப்பதும், கப்ளரின் பூட்டு உடைந்து லேசான அதிர்விலேயே தொடர்பு விட்டுவிடுவதும் உண்டு. அதற்கும் எளிய சோதனை இருக்கிறது: என்ஜின் ஓடும்போது, சுழலும் பெல்ட்டிலும் விசிறியிலும் கையோ உடையோ படாமல், ஒயரை இங்கும் அங்குமாக மெல்ல அசைத்துப் பார்த்தால், கோளாறுள்ள இடத்தில் என்ஜினின் சத்தமே மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணுக்கு ஒன்றும் அகப்படாவிட்டால் காதைப் பயன்படுத்தலாம். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டரின் உடலில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தினால், வேலை செய்யும் இன்ஜெக்டர் 'டிக் டிக்' என்று ஒழுங்காகத் தட்டுவது கேட்கும். வேலை செய்யாதது மௌனம் சாதிக்கும். அதன் பிறகு என்ஜினை அணைத்து, கப்ளரைக் கழற்றி, மல்டிமீட்டரால் இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கிடையே மின்தடையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான எம்.பி.எஃப்.ஐ. இன்ஜெக்டர்கள் 11 ஓமிலிருந்து 18 ஓம் வரை காட்டும். சரியான எல்லையை அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும். கையேடு கிடைக்காதவர்கள் நான்கு இன்ஜெக்டர்களையும் அளந்து ஒப்பிட்டாலே போதும்; மூன்று 14 ஓம் காட்ட, ஒன்று முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது, 2 ஓம் காட்டினால் சுருள் தனக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிட்டது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில சுருள்கள் குளிர்ந்திருக்கும்போது சரியாகவே காட்டி, சூடேறிய பிறகே அறுந்துபோகும். ஆகவே காலையில் நன்றாக ஓடி, அரை மணி நேரத்துக்குப் பின் மிஸ் அடிக்கும் வண்டியைச் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும்.

சுருள் நன்றாயிருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஒயர். சாவியை ஆன் செய்து, கழற்றிய கப்ளரின் ஒரு பின்னில் பேட்டரிக்குச் சமமான மின்னழுத்தம், அதாவது 12 வோல்ட்டுக்குச் சற்று மேல், வருகிறதா என்று பார்க்க வேண்டும். சில வண்டிகளில் என்ஜின் சுழலாவிட்டால் ஓரிரு விநாடிகளில் ரிலே அதை நிறுத்திவிடும் என்பதால், அளக்கும்போதே ஒருவர் சாவியைத் திருப்புவது நல்லது. அது வராவிட்டால் ஃபியூஸையும் ரிலேயையும் நோக்கிப் பின்னால் செல்ல வேண்டும். வந்தால், நாய்ட் லைட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் சிறிய சோதனை விளக்கைக் கப்ளரில் செருகி என்ஜினைச் சுழற்ற வேண்டும். விளக்கு துடிதுடித்தால் பெட்டியின் உத்தரவு கப்ளர் வரை வந்துசேர்கிறது, நிலையாக எரிந்தால் ஒயர் எங்கேயோ எர்த்தில் பட்டிருக்கிறது அல்லது டிரான்ஸிஸ்டர் எர்த்தோடு இணைத்தபடியே நின்றுவிட்டது, எரியாவிட்டால் இடையில் அறுந்திருக்கிறது அல்லது பெட்டி உத்தரவே தரவில்லை. நாய்ட் லைட்டுக்குப் பதிலாகப் பெரிய ஹெட்லைட் பல்பைச் செருகிப் பார்ப்பவர்களும் உண்டு. அது இழுக்கும் மின்னோட்டம் பெட்டிக்குள்ளிருக்கும் டிரான்ஸிஸ்டரைப் பொசுக்கிவிடக்கூடும்; இல்லாத கோளாறை நாமே உண்டாக்கியதாகும். ஒயரின் உறையை ஊசியால் குத்திப் பார்ப்பதும் அப்படியே. அந்தத் துவாரம் வழியே ஈரம் புகுந்து, அடுத்த மழைக்காலத்தில் அங்கேயே களிம்பு பிடிக்கும்.

இவ்வளவையும் ஒருவரிடம் எதிர்பார்க்க முடியாத இடத்தில் கூட, ஒரே ஒரு சோதனையை மட்டும் ஒவ்வொரு உரிமையாளரும் வற்புறுத்திக் கேட்கலாம். மெக்கானிக்குகள் இதை 'மாத்திப் போட்டுப் பார்க்கிறது' என்பார்கள். மூன்றாவது ஸிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை மூன்றாவதில் போட்டு, பழைய எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். எண் பி 0202 என்று இடம் மாறினால் குற்றவாளி இன்ஜெக்டர்தான், சந்தேகமின்றி வாங்கலாம்; பி 0203 என்றே நின்றுவிட்டால் இன்ஜெக்டர் நிரபராதி, குற்றம் ஒயரிலோ பெட்டியிலோ இருக்கிறது. ஒரு பைசா உதிரிபாகச் செலவுமின்றி, ரப்பர் ஓ-ரிங்குகளின் சில்லறை விலை தவிர, பல ஆயிரம் ரூபாய் கேள்விக்கு இது விடை சொல்லிவிடுகிறது. இதைச் செய்யாமல் புது இன்ஜெக்டரை வாங்கச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த நியாயம் ஒன்றே ஒன்று: இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கே மேனிஃபோல்டு முழுவதையும் இறக்க வேண்டிய அமைப்பாக இருந்து, கூலி மிச்சமாகட்டும் என்று நினைப்பது. அப்போதும் கூட, இறக்காமலே செய்யக்கூடிய மின்தடைச் சோதனைக்குப் பின்பே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

ஈ.சி.எம். பெட்டியைக் குற்றம் சாட்டுவது கடைசிப் படி. இன்ஜெக்டரும் நன்று, பாசிட்டிவும் வருகிறது, கப்ளரிலிருந்து பெட்டி வரை ஒயரில் அறுபடலோ ஷார்ட்டோ இல்லை என்று மூன்றும் அளந்து நிரூபணமான பிறகே பெட்டியைச் சந்தேகிக்கலாம். அப்போதும் புதுப் பெட்டியை மாட்டுவதற்கு முன் எல்லா இன்ஜெக்டர் சுருள்களையும் அளந்துவிட வேண்டும். பழைய பெட்டியை எரித்தது ஷார்ட்டான ஒரு சுருளாக இருந்தால், அதுவே புதிய பெட்டியையும் எரித்துவிடும். அன்றியும், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைஸர் உள்ள வண்டிகளில் புதுப் பெட்டி சாவியோடு இணைத்துப் பதியப்பட்டாலன்றி என்ஜின் கிளம்பாது.

பழுதுபார்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் உரிமையாளர் அறிந்திருப்பது நலம். அறுந்த ஒயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது. என்ஜின் சூட்டில் அதன் பசை இளகி வழிந்துவிடும். அதே கனமுள்ள வாகன ஒயரைச் சேர்த்து, முறையாகக் கிரிம்ப் செய்தோ ஈயம் பற்றவைத்தோ, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவைப் போர்த்தி, அதிராதபடி கிளிப்பில் கட்டிவிட வேண்டும். கழற்றிய இன்ஜெக்டரைப் பழைய ஓ-ரிங்கோடு திரும்பப் போடக் கூடாது. மாட்டிய பின், என்ஜினைக் கிளப்பாமல் சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து, அழுத்தம் ஏறியதும் எங்கேனும் ஈரம் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது தீ விபத்தைத் தவிர்க்கும் உபாயம். டீசல் இன்ஜெக்டர்கள் பலவற்றின் தலையில் ஒரு திருத்த எண் பொறித்திருக்கும். புதிதாகப் போட்டதன் எண்ணை ஸ்கேனர் மூலம் பெட்டிக்குள் பதிந்தாலன்றி அந்த வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பணம் கொடுத்துச் சேவை பெறும் ஒவ்வொருவரையும் நுகர்வோராக ஏற்று, அந்தச் சேவையின் தரத்திலோ முறையிலோ உள்ள குறைபாட்டுக்குப் பரிகாரம் கேட்கும் உரிமையை வழங்குகிறது. வாகனப் பழுதுபார்ப்பும் ஒரு சேவையே. பொதுவாக வியாபார நோக்கத்துக்காகப் பெறும் சேவை இதற்குள் வராது. ஆனால் தம் ஜீவனத்துக்காகத் தாமே கார் ஓட்டும் டாக்ஸிக்காரர் சுயதொழில் புரிபவர் என்ற முறையில் தாமும் நுகர்வோரே என்று வாதிட இடமுண்டு. பில் கொடுக்க மறுப்பதையும் இதே சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்று பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. "பில் வேணும்னா ஜி.எஸ்.டி. சேர்ந்துடும் சார்" என்ற இனிய வசனத்தில் மயங்கித் துண்டுச் சீட்டோடு திரும்புகிறவர், சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்து, வழக்கு நடத்துவதற்கான ஆதாரத்தைப் பறிகொடுக்கிறார்.

உதிரிபாகக் கடைகளில் எலெக்ட்ரிக்கல் பார்ட்டுக்கு ரிட்டர்ன் இல்லை என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாகமே பழுதுள்ளதாக இருந்தால் அந்த அறிவிப்பு கடைக்காரரைக் காப்பாற்றாது. ஆனால் பாகம் நன்றாயிருந்து, தவறான ஊகத்தால் வாங்கியது மட்டுமே பிழை என்றால் கடைக்காரர்மீது குற்றமில்லை. ஊகித்தவர் ஒர்க்‌ஷாப்காரர், நஷ்டம் உரிமையாளருக்கு. இதனால்தான் வண்டியை விடும்போது ஜாப் கார்டில் சில வாக்கியங்களை எழுதிக் கையொப்பம் பெறுவது அவசியம்: விளக்கு எரியும் சூழ்நிலை, ஸ்கேனரில் வந்த எண்கள், முதலில் பரிசோதனைக்கு மட்டும் சம்மதம், அதற்கான கூலி இவ்வளவு, பாகம் மாற்றுவதற்கு முன் அளவுகளைக் காட்டி மறுபடி சம்மதம் பெற வேண்டும், கழற்றிய பழைய பாகம் திரும்ப வேண்டும். பரிசோதனைக்குத் தனியாகக் கூலி கேட்கும் மெக்கானிக்கை நம்மவர்கள் பேராசைக்காரராக நினைப்பது வருந்தத்தக்கது. அந்தக் கூலியை மறுப்பதனால்தான் அவர் பாகத்தை விற்று அதைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டிக்கு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரே முதற்புகல். எலி கடித்த ஒயர் பொதுவாக உத்தரவாதத்தில் சேராது. இன்ஷூரன்ஸ் பாலிசியின் நிபந்தனைகளை அப்போது புரட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் "வெளியில ஹாரன் மாட்டியிருக்கீங்க, அதனால வாரண்டி கிடையாது" என்று வாய்மொழியாக மறுத்தால், அந்த ஹாரன் மூன்றாவது இன்ஜெக்டரின் சர்க்யூட்டை எவ்வாறு கெடுத்தது என்று எழுத்தில் விளக்கும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். விளக்க முடியாதவர்கள் பல சமயம் மனம் மாறிவிடுவார்கள். உத்தரவாதம் முடிந்தவர்களுக்கு வேறொரு வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். உதிரிபாகங்களையும், கோளாறு கண்டறியும் கருவிகளையும் சுதந்திரமான ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-இல் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன என்றாலும், வண்டியைப் பழுதுபார்க்கும் அறிவு ஒரு சிலரின் ஏகபோகமாக இருக்கலாகாது என்ற கொள்கை அன்று அரசாங்க ஏட்டில் ஏறிவிட்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தில் மோட்டார் வாகனத் துறையும் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது.

ஒரே மாதிரி வண்டிகள் பலவற்றில் ஒரே ஒயரிங் கோளாறு தோன்றுமானால், அது ஒர்க்‌ஷாப்பின் குற்றமன்று, தயாரிப்பின் குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 110-ஏ பிரிவு, அத்தகைய வண்டிகளைத் திரும்பப் பெறும்படி தயாரிப்பாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல், 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். உரிமையாளர்கள் புகார் பதிவு செய்தால்தான் அந்தக் கணக்கு அரசின் பார்வைக்கு வரும்.

பில் அநியாயமாக இருந்து, பணம் கட்டினால்தான் வண்டி வெளியேறும் என்று ஒர்க்‌ஷாப்காரர் நின்றால், கோபித்துக்கொண்டு சாவியைப் பறிக்க முயலாதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 170-ஆவது பிரிவு, தம் உழைப்பையோ திறமையையோ செலுத்திய வேலைக்குரிய கூலி வரும் வரை பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை தந்திருக்கிறது. ஆனால் அந்த உரிமை சம்மதித்த வேலைக்கே உண்டு. ஆகவே 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று பில்லிலேயே எழுதிக் கையொப்பமிட்டு, பணத்தை வங்கி வழியாகச் செலுத்தி வண்டியை எடுத்துக்கொள்வதே விவேகம். வண்டி அவர் பொறுப்பில் இருந்தபோது சேதமுற்றால், சாமானிய விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளிடம் காட்டும் ஜாக்கிரதையை அவர் காட்டினாரா என்பதையே அதே சட்டத்தின் 151-ஆவது பிரிவு கேட்கும்.

அடுத்து, வேறொரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டி, அவர் கண்டதை அளவுகளோடு எழுத்தில் பெற வேண்டும். நிரூபணமில்லாத குறைபாட்டை எந்த நுகர்வோர் ஆணையமும் ஏற்பதில்லை. பிறகு ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு கடிதம். அதற்குப் பலனில்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரையுள்ள வழக்குகளை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. மதுரையில் பழுதுபார்த்த வண்டிக்காகத் திருநெல்வேலியில் வசிப்பவர் திருநெல்வேலியிலேயே வழக்குத் தொடரலாம். பாகத்தைச் சோதனைக்கு அனுப்ப வேண்டாத வழக்குகளை 3 மாதத்திலும், அனுப்ப வேண்டியவற்றை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் ஆவதுண்டு.

வழக்கு தொடுக்கக் கெடு, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். அதுவரை ஜாப் கார்டையும், ஸ்கேனர் எண்களின் படத்தையும், கழற்றிய இன்ஜெக்டரை ஒரு பையில் முத்திரையிட்டும் பத்திரமாக வைத்திருங்கள். பில் வழவழப்பான தெர்மல் காகிதத்தில் அச்சானதாக இருந்தால் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும், வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.